வில்மா மகனுக்குக் கட்டிய பூங்கொத்து

எங்கள் ஊர் சென்டெஷில் என் முடிதிருத்தும் கடைக்கும் வில்மாவின் பூக்கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் ஹேர் டிரையர் அதிகம் கத்தினால் அவள் அங்கிருந்து சுவரைத் தட்டுவாள். அவள் ரேடியோவைப் பெரிதாக வைத்தால் நான் இங்கிருந்து தட்டுவேன். இப்படியே முப்பத்தோரு வருடம் தட்டிக்கொண்டிருந்தோம். அவள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது அந்தப் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் ஒருவன் இருக்கிறான், சத்தமே போடாத ஆள். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அதில் அவன் தப்பு எதுவும் கிடையாது.

வில்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அவளுக்கும் அவள் மகன் ஆகோஷுக்கும் நடுவில் ஒரு பூங்கொத்து வந்து விழுந்தது. இருபத்தொரு வருடம் அது அங்கேயே கிடந்தது. அதைக் கொண்டுபோய்ப் போட்டவள் நான். எடுத்துப் போடவும் என்னால் முடிந்திருக்கும், ஒரு வாய் வார்த்தையில். நான் எடுக்கவில்லை.

வில்மா குள்ளம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை போட்டு அதன்மேல்தான் நிற்பாள். கைகள் மட்டும் ஆணின் கைகளைப் போலப் பெரியவை, கட்டைவிரலில் எப்போதும் பச்சைக் கறை. புருஷன் காஷ்பார் லாரி ஓட்டினான், ஊருக்கு வெளியே இருக்கிற கண்ணாடிக் கொட்டகைகளில் விளையும் தக்காளியையும் குடைமிளகாயையும் புடாபெஸ்ட்டுக்குக் கொண்டுபோவான். நல்ல மனுஷன், சிரிப்பதற்குக் கூட முன்யோசனை செய்கிற ரகம். மாரடைப்பில் போனபோது ஆகோஷுக்குப் பதினொரு வயது. போவதற்கு முந்தின கோடையில் எங்கிருந்தோ ஒரு சாக்கில் ஐரிஸ் கிழங்குகளைக் கொண்டுவந்து, மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டு வேலியோரம் நட்டுவிட்டுப் போனான். பூத்தபோது பார்த்தால் அது கருஊதா, வெயிலில்லாத நேரத்தில் கறுப்பு என்றே சொல்லலாம். ஊரில் வேறு யாரிடமும் அந்த நிறம் கிடையாது. வில்மா அதிலிருந்து ஒரு பூவைக்கூட விற்பனைக்கு வெட்டியதில்லை. காஷ்பாரின் கல்லறைக்கு மட்டும் போகும்.

அவள் கடைக்குப் போனால் பூ கிடைப்பதற்கு முன்னால் கேள்வி கிடைக்கும் என்று தெருவில் கிண்டல் செய்வோம். சாப்பாட்டு மேசைக்குப் பூ வேண்டும் என்றால் மேசை எவ்வளவு அகலம், யாருக்கு எதிரே யார் உட்காருவார், சூப் பாத்திரம் எங்கே வரும் என்று எல்லாம் கேட்பாள். ஒருமுறை நோட்டரியின் மனைவி ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு உயரமான அலங்காரம் ஒன்று வேண்டும் என்று வந்தாள். மேசையில் உயரம் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் மறையுமே, யார் வருகிறார்கள் என்று வில்மா கேட்டாள். மாமியார் என்றாள் அந்த அம்மாள்.  வில்மா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, மாமியார் உட்கார்ந்தால் தலை எந்த மட்டத்துக்கு வரும் என்று மட்டும் விசாரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து நல்லபடியாக முடிந்ததாகக் கேள்வி.

அவள் கட்டுகிற விதமும் அவளைப் போலத்தான், பிடிவாதம். இடது கையில் முதல் காம்பைப் பிடிப்பாள். அடுத்தது அதன்மேல் சாய்வாக, அதற்கடுத்தது அதே சாய்வில். ஒவ்வொரு காம்புக்கும் கொத்தைக் கொஞ்சம் சுழற்றுவாள். கட்டி முடித்து அடியைச் சமமாக நறுக்கி மேசைமேல் வைத்தால் கொத்து எதன்மேலும் சாயாமல் தன் காலிலேயே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் மொத்தத்தையும் அவிழ்த்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வாடிக்கையாளர் வாசலில் கால் மாற்றி மாற்றி நின்றாலும் சரி. அந்தக் காலத்தில் மற்ற கடைக்காரர்கள் எல்லாம் பளபள காகிதத்தைச் சுற்றி, சுருட்டை ரிப்பனைத் தொங்கவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். இவள் அதைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பாள்.

வருடத்தில் அவளுக்கும் எனக்கும் சேர்ந்து வேலையில் உயிர் போகிற நாள் ஒன்று உண்டு. மே மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக் கடைசி வகுப்புப் பிள்ளைகள் விடைபெறும் நாள். தோளில் சின்னப் பை, அதில் ஒரு பிடி மண்ணும் உப்பு ரொட்டியும். வலது கையை முன்னால் போகிறவன் தோளில் வைத்து, வரிசையாகப் பாடிக்கொண்டே வகுப்பு வகுப்பாகச் சுற்றி முற்றத்துக்கு வருவார்கள். இடது கை பூவுக்கு. வழியெல்லாம் நிற்கிற அத்தை, மாமா, ஞானத்தாய், அண்டை வீட்டார் எல்லாரும் ஆளுக்கொரு கொத்தை அந்தக் கையில் திணிப்பார்கள். கை தாங்காமல், பின்னாலேயே கூடையோடு ஒரு தம்பியோ தங்கையோ ஓடிவரும். யாருக்கு எத்தனை கொத்து என்று பார்க்காதது போலப் பார்க்க ஊரே நிற்கும். பெண் பிள்ளைக்காவது பிறகு கல்யாணத்தில் பூ கிடைக்கும், காலண்டரில் அவள் பேருக்கென்று இருக்கிற பெயர்நாளுக்கு வருடாவருடம் கிடைக்கும். எங்கள் ஊரில் ஆண் பிள்ளை கை நிறையப் பூ வாங்குவது உயிரோடு இருக்கும்போது அந்த ஒரு நாள்தான். அதற்கப்புறம் பெட்டியில் படுத்த பிறகு.

1998இல் ஆகோஷ் விடைபெறும் வகுப்பில் இருந்தான். என் தங்கை இபோயாவின் மகன் லோராந்தும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. இபோயாவை இரண்டு வாரத்துக்கு முன்னால் செகெடு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார்கள். அவள் புருஷன் எப்போதோ எங்கேயோ போய்விட்டான், அவனைப் பற்றி எழுதி மை வீணாக்கப் போவதில்லை. இபோயா கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்து, லோராந்துக்குத் தன் பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று, இரண்டு பூங்கொத்துக்குச் சொல்லிவைத்துவிடு என்றாள். சரி என்றேன். பூக்கடை சுவருக்கு அந்தப் பக்கம்தானே, எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தினமும் அவளோடு காபி குடித்தேன், தினமும் மறந்தேன்.

விடைபெறும் நாளன்று விடிகாலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்தேன். தாய்மார்களும் பெண் பிள்ளைகளும் வாசல்வரை வரிசை. எட்டே முக்காலுக்கு ஒருத்தி தலையில் கிளிப் மாட்டிக்கொண்டிருக்கும்போது, லோராந்து ஸ்டைலா வருவானில்ல என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

வில்மாவின் கடையில் வாளிகள் எல்லாம் காலி. கட்டி வைத்த கொத்துகள் சுவரோரம் அடுக்காக நின்றன, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு. குளிர்ந்த மூலையில், மேல் தட்டில் மட்டும் சீட்டில்லாத ஒன்று இருந்தது. வெள்ளை லைலாக் நடுவில் ஏழு கறுப்பு ஐரிஸ். யாருக்கு என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

"வில்மா, லோராந்துக்கு நான் சொல்லவே இல்லடி" என்றேன்.

"எத்தன வேணும்?"

"ஒண்ணாவது வேணும். அவங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்கா. அந்தப் பய வெறுங்கையோட நடப்பான்டி."

அவள் மேல்தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேண்டாம், இரண்டு கிளை லைலாக்கும் கொஞ்சம் தழையும் கொடு போதும் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். அதை எத்தனை ராத்திரி படுக்கையில் சொல்லிப்பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"இத எடுத்துக்க. பத்து மணிக்குத்தான ஊர்வலம். சைக்கிள்ல போய் மிச்ச ஐரிஸ வெட்டிட்டு வந்து இன்னொண்ணு கட்டிக்கிறேன்."

"ஆகோஷோடதாச்சே இது."

"ஆகோஷுக்கு அம்மா இருக்கா. எடுத்துட்டுப் போ, பேசிட்டு நிக்காத."

ஏப்ரனில் கைவிட்டுப் பணம் எடுக்கப் போனேன். அவள் கையில் ஒரு அடி போட்டாள், நிஜமாகவே வலித்தது. நான் கொத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். நான் போனதும் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்கு ரிப்பன் நிறம் சரியில்லை, ஒருவருக்குப் பேர் மாறிப்போயிருந்தது. சைக்கிளில் ஏறும்போதே ஒன்பதரை. வீட்டு வேலியோரம் நின்ற ஐரிஸில் பாதி மழையில் அடிபட்டிருந்தது. தேறியதை வெட்டிச் சமையலறையிலேயே கட்டினாள். மேசைமேல் வைத்தாள், நிற்கவில்லை. அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள், மறுபடியும் ஒரு பக்கம் சாய்ந்தது. மகனுக்குச் சாய்கிற கொத்தைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. மூன்றாவது தடவைதான் நின்றது. அந்த மனுஷியின் புத்தியை என்னவென்று சொல்வது. அவசரத்துக்கு ஒரு கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாலும் அவன் நெஞ்சோடு அணைத்து வாங்கியிருப்பான்.

நான் பள்ளி வாசற்படி அருகில் நின்றேன். வகுப்பை உயர வரிசையில் விட்டிருந்தார்கள். லோராந்து முன்னால், அவன் தோளில் கை வைத்து ஆகோஷ் பின்னால். லோராந்து வந்ததும் நான் ஐரிஸை அவன் கையில் கொடுத்தேன். அவன் குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ஆகோஷ் அந்தப் பூவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்கவில்லை, பூவையேதான் பார்த்துக்கொண்டு நடந்தான், பாட்டு மட்டும் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. தன் அப்பாவோடு சேர்ந்து நட்ட பூ, எதிரே ஒரு முழத் தூரத்தில், இன்னொருவன் கையில். அப்படியே மாடி, கீழ்த்தளம், முற்றம் என்று அரை மணி நேரம் நடந்தான்.

ஆகோஷ் கையில் ஒரு பூகூட இல்லை. ஏன் என்றும் சொல்லவேண்டும். அவனுடைய பெரியப்பா குடும்பம் பேச் என்கிற ஊரிலிருந்து வந்திருந்தது, அவர்கள் கைக்கடிகாரம் கொண்டுவந்திருந்தார்கள். பூக்கடைக்காரி மகனுக்கா பூ கொண்டுவருவது, மீன்காரனுக்கு மீன் சூப்பு கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று பெரியம்மா தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு என்னிடம் சொன்னாள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதே யோசனை. ஒருவர் பேனா வாங்கியிருந்தார், ஒருவர் பர்ஸ், எதிர் வீட்டு ரொட்டிக்கடைக்காரர் நல்ல ஷேவிங் செட். எல்லாம் சாயங்காலம் வீட்டில் கொடுப்பதற்கு. கூட்டத்தில் யாரோ, பூக்கடைக்காரி மகன் கையைப் பாரு, காலி என்று சொல்லிச் சிரித்தார்கள். அவன் காதில் விழுந்தது, கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

வில்மா வந்தபோது பேச்செல்லாம் முடிந்து ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் சேற்றோடு ஓடிவந்தாள். கொத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். ஆகோஷ் வாங்கினான், நன்றிம்மா என்றான். பக்கத்தில் நின்ற வகுப்பு ஆசிரியை பக்கம் திரும்பினான்.

"டீச்சர், இது உங்களுக்கு" என்று கொடுத்துவிட்டான்.

டீச்சருக்கு என்ன தெரியும், பாவம், கண்கலங்கி அவனைக் கட்டிக்கொண்டாள். வில்மா அங்கேயே நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சாயங்காலம் அவள் கடைக்குப் பின்னால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய், ஆகோஷிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். கழுவுவதை நிறுத்தாமலே வேண்டாம் என்றாள்.

"நீ சொன்னா அவன் உம்மேல கோவப்படுவான், லோராந்து மேல கோவப்படுவான். ஒரே பெஞ்சுல பன்னண்டு வருஷம் உக்காந்த பசங்க. கோவம் எம்மேலயே இருக்கட்டும். அம்மா மேல வர்ற கோவம் நாலு நாள்ல தீந்துடும்."

எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அவளே வேண்டாம் என்ற பிறகு நான் ஏன் சொல்லவேண்டும் என்று வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் சூப்பைச் சூடுபண்ணிக் குடித்துவிட்டுத் தூங்கினேன்.

நாலு நாளில் தீரவில்லை. சண்டை எதுவும் போட்டான் என்று நினைத்துவிடாதீர்கள், போட்டிருந்தால் தேவலாம். அந்தக் கோடையிலேயே புடாபெஸ்ட்டுக்குப் போனான், லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை கற்றுக்கொண்டான். பிறகு ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துக்கு மாறினான். ஞாயிறுதோறும் போன் செய்வான், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்பான், கணப்பு அடுப்பைச் சுத்தம் செய்தாயா என்று கேட்பான். கிறிஸ்துமஸுக்கு வருவான், கசகசா ரோலை விரும்பித் தின்பான். பூ மட்டும் வாங்கமாட்டான். அதற்குப் பின் வந்த அவன் முதல் பெயர்நாளுக்கு அவள் ஒரு சின்னக் கொத்து கட்டி அவன் அறையில் வைத்தாள். காலையில் அது கூடத்து மேசைக்கு வந்திருந்தது. அவன் திரும்பிப் போகும்போது ரயிலில் வைத்துக்கொள்ள ஒன்று கொடுத்தாள், வழியில வாடிடும்மா, கடையில வச்சுக்கோ என்றான். பேச்சில் மரியாதை குறையாது. கை மட்டும் நீளாது.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வில்மா உயிர்த்தெழுந்தாள் என்றே சொல்லவேண்டும். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கைச்செண்டு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அப்படியென்றால் அம்மா கட்டியதை அவன் கையில் வாங்கித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டாள். ஒரு மாதம் இரண்டு பேரும் என் கடையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு பேசினோம். பெண் உயரம், தோள் அகலம், அதனால் கொத்து உருண்டையாக இருக்கக்கூடாது, கீழ்நோக்கி வழியவேண்டும் என்றாள். வெள்ளை ஃப்ரீசியாவும் ஐவிக் கொடியும் என்று முடிவு செய்தாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஆகோஷ் போனில், செண்டு கிராட்ஸிலேயே சொல்லியாச்சும்மா, நீ விருந்தாளியா வந்து சந்தோஷமா உக்காரு என்றான். அவள் விருந்தாளியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். செண்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா கட்டியிருந்தாங்க என்றாள். 

கடையில் அவள் ஆளே மாறிப்போனாள். விடைபெறும் நாளில் சீட்டில் எழுதிய பேருக்குத் தவிர யாருக்கும் எதுவும் கொடுக்கமாட்டாள். மறந்துபோய் ஓடிவருகிற அத்தைகளும் மாமாக்களும் எத்தனை கெஞ்சினாலும் தலையை ஆட்டிவிடுவாள். ஒருமுறை ஒரு கிழவர் வாசலில் அழுதேவிட்டார், அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆகோஷ் என் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தான், முடி வெட்ட. காதோரம் நரை விழ ஆரம்பித்திருந்தது. இருபது நிமிடம் அவன் தலை என் கையில் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. கிராட்ஸில் பனி எப்படி, பெண் குழந்தைக்கு எத்தனை பல், லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று எல்லாம் கேட்டேன். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவன் போகும்போது, நன்றி அத்தை, லோராந்து எப்படி இருக்கான் என்றான். நல்லா இருக்கான் என்றேன்.

2019 அக்டோபர் கடைசி. எல்லாரும் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற கல்லறை நாள் நெருங்கியதால் கடை முழுக்கச் சாமந்தித் தொட்டிகள். ஏதோ உடைகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. நான் தட்டினேன். பதில் தட்டு வரவில்லை. போய்ப் பார்த்தால் தொட்டிகளுக்கு நடுவில் கிடந்தாள், வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. "இந்தாங்க." கல்லாவுக்குப் பின்னால் நின்று பூவை நீட்டும்போதெல்லாம் சொன்னது. இப்படித்தான் சிலருக்கு, அதிகம் புழங்கிய சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். வலி என்றாலும் இந்தாங்க, தண்ணீர் வேண்டும் என்றாலும் இந்தாங்க. செவிலி ஊசி போட வந்தாலும் அதே சொல்தான். அதைச் சொல்லும்போது இடது கை கொஞ்சம் முன்னால் வரும். அவளுக்கு நாம் சொல்வது புரிகிறது, பதில்தான் வராது என்றும் டாக்டர் சொன்னார்.

ஆகோஷ் ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மாவின் தலையணையைச் சரிசெய்தான், உதட்டை ஈரத்துணியால் துடைத்தான்.  பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்தவன் போல் பேச ஆரம்பித்தான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோவமில்ல. அன்னிக்கு அந்த ஐரிஸ ஏம்மா வித்தே? வேற எத வேணாலும் வித்திருக்கலாமே. அது அப்பாவும் நானும் நட்டது."

இருபத்தொரு வருடம் கேட்காதவன், அவளால் பதில் சொல்ல முடியாத நாளில் கேட்டான். வில்மாவின் கண் அவன் மேலேயே நின்றது. வாயைக் கோணிக் கோணி எதையோ கொண்டுவரப் பார்த்தாள். கழுத்து நரம்பெல்லாம் எழுந்து நின்றது.

"இந்தாங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான், விட்டுவிடலாம் என்பதுபோல. அவள் மறுபடி முயற்சி செய்தாள், மறுபடியும் அதே சொல். கன்னம் நனைந்தது. இந்தத் தடவை அவள் பார்த்தது என்னை.

"விக்கல ஆகோஷ்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நான் லோராந்துக்குச் சொல்லி வைக்க மறந்துட்டேன். இபோயா ஆஸ்பத்திரியில. நான் போய்க் கெஞ்சினேன். உனக்குன்னு கட்டி வச்சிருந்தத எனக்குக் குடுத்துட்டா. காசு குடுக்கப் போனேன், கையில அடிச்சா. ஆகோஷுக்கு அம்மா இருக்கான்னு சொன்னா. உனக்கு இன்னொண்ணு கட்டத்தான் வீட்டுக்குப் போனா. அது நிக்கலன்னு மூணு தடவ அவுத்துக் கட்டினா. அதான் நேரமாயிடுச்சு."

அவன் என்னையே பார்த்தான்.

"ஏன் யாரும் சொல்லல?"

"அவ வேண்டாம்னா. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டான்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க அத்தை."

வராந்தாவில் வந்து நின்றேன். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்தேன். நான் சொன்னதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இத்தனை வருடம் எனக்கு அந்த ஒரு நிமிடம் இல்லாமல் போய்விட்டது.

உள்ளே அவள், இந்தாங்க என்றாள். அவள் அதை எல்லாருக்கும்தான் சொன்னாள், காலையில் தரை துடைக்க வந்தவளுக்கும் சொன்னாள். என்ன நினைத்துச் சொன்னாள் என்று நான் இட்டுக்கட்டமாட்டேன். எட்டிப் பார்த்தபோது அவள் இடது கை முன்னால் நீண்டிருந்தது, அதில் ஒன்றுமில்லை. ஆகோஷ் அந்தக் கைக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தான்.

"இந்தாங்க."

"குடும்மா."

"இந்தாங்க."

"குடும்மா" என்றான் மறுபடியும்.